வாசக்காலில் ஒன்று, சுரங்கத்தில் ஒன்று

மம்சாபுரத்தில் மாரீஸ்வரன் வீட்டுக்கு வழி கேட்டால் இப்போதெல்லாம் யாரும் தெருப்பெயர் சொல்வதில்லை. "கம்மலைப் போட்டு கம்பெனிய கவுத்தானே, அவன் வீடா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுகிறார்கள். டீக்கடையில் அவன் வந்து உட்கார்ந்தால் பேப்பர் படிப்பவன் பேப்பரை மடக்கிவிடுவான். "பூமிக்குள்ள இருந்து தங்கத்த எடுத்து மாட்டுனவன பாத்திருக்கோம். பூமிக்குள்ள தங்கத்தப் போட்டு மாட்டுனவன இப்பத்தான் பாக்குதோம்" என்பான். கடையே சிரிக்கும். மாரீஸ்வரனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போவான். நடந்ததை முழுசாகக் கேட்டால் சிரிப்பு வராது, வயிறுதான் எரியும்.

அவன் வீட்டில் அண்ணன் ராணுவம், சித்தப்பா மகன் போலீஸ். இவனும் ஆளெடுப்புக்குப் போனான். மார்பளவு பத்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருந்த கொஞ்ச நிலத்தில் மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் கடன். அதை நம்பி உட்கார முடியாமல் ராஜபாளையத்தில் போர்வெல் லாரி ஏறினான். லாரி முதலாளி கௌதம்ராஜ் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிறவர். தண்ணீருக்குத் துளைபோட்டு அலுத்து, கோர் டிரில்லிங் காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்தார். மாரீஸ்வரனும் அவரோடு போனான். போர்வெல்லில் கல் தூளாகி வெளியே வரும். கோர் டிரில்லிங்கில் வாழைத்தண்டு உரித்தெடுத்த மாதிரி முழுசாக, உருண்டையாக வரும். அதை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி வைத்தால், பூமிக்குள் எங்கே என்ன இருக்கிறது என்று படித்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். சுண்ணாம்புக்கல், நிலக்கரி என்று வடக்கே எத்தனையோ ஊர்களில் அவன் துளைபோட்டான். கடைசியில் போய்ச் சேர்ந்தது ஒரு தங்கச் சுரங்கம். ஊர்ப்பெயரும் கம்பெனிப் பெயரும் வேண்டாம், வழக்கு நடக்கிறது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனும் அவன் மனைவி பாண்டிசெல்வியும் சேர்ந்தாற்போல ஒரு மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை. பொங்கலுக்கு வருவான், ஆடிப்பூரத் தேருக்கு வருவான், புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றுக்கு வருவான். துணி காய்வதற்குள் கிளம்பிவிடுவான். பிள்ளை இல்லை. இல்லாததற்கு ஊர் அவளைத்தான் சொன்னது. ஊரிலேயே இல்லாதவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாண வீடுகளில் தாலிக்கு மஞ்சள் தடவக் கூப்பிடும்போது அவளைத் தாண்டி அடுத்தவளைக் கூப்பிட்டார்கள். அவள் அதை போனில் அவனிடம் சொன்னதில்லை. அவனுக்கும் தெரியாமல் இல்லை.

அந்தச் சுரங்கம் அப்போது சாகக் கிடந்தது. இருக்கிற தங்கக்கல்லை வெட்டி எடுத்தால் இன்னும் கொஞ்ச காலம், அதற்குப் பிறகு பூட்டுத்தான் என்ற நிலை. அடியில் புதிதாக ஏதாவது கிடக்கிறதா என்று துளைபோட்டுத் தேடத்தான் கௌதம்ராஜ் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கினார். தேடுகிற வேலைக்குக் கம்பெனித் தரப்பில் தலைவர் சாம்சன். ராஜபாளையத்துக்காரர், ஜியாலஜி படித்தவர், மாரீஸ்வரனைவிட வயது குறைந்தவர். ஊர்ப்பக்கத்து ஆள் என்பதால் மரியாதையாகத்தான் பேசுவார்.

"அண்ணாச்சி, இந்த வருஷத்துக்குள்ள புதுசா ஒரு தங்கப்பட்டை கிடைச்சுட்டா சுரங்கம் இன்னும் பத்து வருஷம் ஓடும். உங்களைக் கம்பெனி ஆளா எடுத்துக்குவோம். குவார்ட்டர்ஸ் தாரோம். மதினியக் கூட்டிட்டு வந்துருங்க."

அந்தக் கடைசி வாக்கியம் மாரீஸ்வரனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அவன் போட்ட ஒவ்வொரு துளையும் கம்பெனிக்காகப் போட்டதில்லை. ஆனால் துளைக்குமேல் துளையாகக் கருங்கல்தான் வந்தது. பெட்டி பெட்டியாக அடுக்கினான். சாம்சன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அந்தப் புரட்டாசியில் ஊருக்கு வந்தவன் பாண்டிசெல்வியோடு திருவண்ணாமலைக்குப் போனான். தீபம் ஏற்றுகிற சிவன் ஊர் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி மலைமேல் இருக்கிற பெருமாள், அந்த மாதம் சனிக்கிழமைகளில் படி தெரியாத கூட்டம். கும்பிட்டு இறங்கும்போது அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஒற்றைக் கம்மல். கல் வைக்காத மொட்டுக் கம்மல், நிலக்கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும்.

"இது எதுக்குட்டி?"

"இத்தன நாளா பூமிய குடையுறீகளே, அதுக்கு என்ன குடுத்தீக?"

"என்ன குடுக்கணும்?"

"நம்ம வீட்டுக்கு வாசக்கால் நிறுத்தையில குழிக்குள்ள பொன்னு வச்சோமா இல்லையா? இதோட சோடிதான அது. அதுக்குப் பொறவு வீடு தட்டாம எழும்புச்சா இல்லையா? ஒரு வாசலுக்கே பொன்னு வைக்கணும்னா, அம்புட்டு ஆழம் தோண்டுறவுக ஒரு பொட்டுப் பொன்னு வைக்காமத் தோண்டுனா அது எப்படிங்க குடுக்கும்?"

அவள் சின்ன வயசில் அவள் அம்மா போட்டுவிட்ட கம்மல் அது. வீடு கட்டும்போது வாசக்கால் குழியில் பூவும் பாலும் நவதானியமும் போட்ட கொத்தனார் பொன் கேட்டபோது வீட்டில் வேறு பொன் இல்லை. சோடியில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மற்றது மஞ்சள் டப்பாவுக்குள் கிடந்தது. இப்போது அதுவும் வந்துவிட்டது. "உங்க கையால போடுங்க, வேற யாரு கைலயும் குடுக்காதீக" என்றாள். மாரீஸ்வரன் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப்பைக்குள் வைத்தான். கும்பிட்டு இறங்கி வருகிறவனுக்கு அதில் குற்றம் எதுவும் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்?

சுரங்கத்தில் அவனுக்குக் கையாள் ராக்கப்பன். இவனும் மம்சாபுரம்தான். முன்பு கொத்தனார் வேலை பார்த்தவன், மாரீஸ்வரன் வீட்டைக் கட்டியவனே அவன்தான். கட்டட வேலை படுத்தபோது மாரீஸ்வரன்தான் அவனை டிரில்லிங்கில் சேர்த்துவிட்டான். லீவு முடிந்து திரும்பிய வாரத்தில் ஒருநாள், துளை நல்ல ஆழம் போயிருந்தது. சாம்சன் எதிர்பார்த்த இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. கல்லை அறுக்கிற முனையான பிட்டு தேய்ந்து போனதால், அதைத் தாங்குகிற ராடையெல்லாம் உருவி வெளியே எடுத்துப் புதுப் பிட்டு மாட்டினார்கள். திரும்ப இறக்குவதற்கு முன்னால் மாரீஸ்வரன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, கம்மலை எடுத்துக்கொண்டு துளைப் பக்கத்தில் குத்தவைத்தான்.

ராக்கப்பனுக்கு விஷயம் புரிந்ததும் முகம் மாறியது. "அண்ணே, எங்கிட்டக் குடுங்க, நான் போடுதேன். ஒங்க வாசக்காலுக்கும் நாந்தான போட்டேன், ராசியான கை."

"இல்லலே. எங்கையாலதான் போடணும்னுட்டா."

போட்டான். தண்ணீர் நின்ற துளைக்குள் சத்தமே இல்லாமல் போய்விட்டது. பெருமாளே என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டான். ராடை இறக்கி மோட்டாரைப் போட்டார்கள்.

இத்தனை வருஷம் கல்லைத் துளைத்தவனுக்கு இதுகூடவா தெரியாது என்று பின்னால் எல்லாரும் கேட்டார்கள். வக்கீல் கேட்டார், போலீஸ் கேட்டது, டீக்கடை இன்றைக்கும் கேட்கிறது. ஒரு டன் தங்கக்கல்லில் இருக்கிற தங்கம் ஒரு மோதிரத்துக்கே காணாது என்று அவனும் காதால் கேட்டவன்தான். ஆனால் அந்தக் கணக்கையும் இந்தக் கம்மலையும் சேர்த்து வைத்து அவன் நினைக்கவில்லை. பாறையையே மாவாக்குகிற பிட்டுக்கு முன்னால் கம்மல் எம்மாத்திரம், அரைபட்டுப் பூமிக்கே போய்விடும் என்று நினைத்தான். உண்டியலில் போட்ட காசு அப்புறம் எங்கே போகும் என்று யாராவது யோசிக்கிறோமா?

பிட்டு கம்மலை அரைத்தது. அந்த இடத்தில் பாறையும் நொறுங்கிய பாறையாக இருந்து தொலைத்தது. உருண்டையாக வரவேண்டிய கல் சில்லுச் சில்லாக வந்தது, தங்கம் ஒட்டி வரக்கூடிய வெள்ளைக்கல்லும் கலந்து வந்தது. சாம்சனுக்கு ஆசை தட்டியது. உடைந்த கல்லோடு, துளையிலிருந்து தண்ணீரோடு வந்த சேற்றையும் பையில் பிடித்து லேபுக்கு அனுப்பச் சொன்னார். அந்தச் சேற்றைப் பையில் அள்ளிக் கட்டியதும் மாரீஸ்வரன்தான்.

ரிசல்ட் வந்த அன்றைக்கு சாம்சன் சுரங்கத்துக்குள் இறங்கி வந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தச் சுரங்கத்தில் யாரும் பார்த்திராத அளவுக்குத் தங்கம் அந்தப் பைகளில் இருந்ததாம். கம்பெனியில் பெரிய ஆட்கள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள். லீவில் ஊருக்குப் போயிருந்த ஆள் ஒருவன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா கொண்டுவந்து ஷிஃப்ட் முழுக்கக் கொடுத்தான். சுரங்கத்துக்கு ஆயுசு கூடிவிட்டது என்று மேனேஜர் மைக்கில் சொன்னார். மாரீஸ்வரன் பாண்டிசெல்விக்கு போன் போட்டு, "ஏட்டி, குடுத்துட்டாருட்டி" என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

சாம்சன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாரீஸ்வரன் கம்பெனி ஆள் ஆனான். ஓட்டு வீடு ஒன்று கிடைத்தது, ஒரு அறை, ஒரு அடுப்படி, வாசலில் குழாய். பாண்டிசெல்வி ரயிலேறி வந்தாள். அந்த ஊர்ப் பாஷை ஒரு வார்த்தை தெரியாமல் கடையில் கைச்சாடை காட்டிப் பருப்பு வாங்கினாள். குழாயடியில் கனகாம்பரம் வைத்தாள். ஷிஃப்ட் முடிகிற சங்கு ஊதினதும் உலையை ஏற்றுவாள், அவன் வந்து உட்காரும்போது சோறு ஆவி பறக்கும். சுடுசோறு தின்று இத்தனை வருஷம் ஆயிற்று என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இருவருக்கும் சண்டைகூட அங்கேதான் முதல்முறையாக முழுசாக வந்து முழுசாக முடிந்தது. அதற்கு முன்னால் எந்தச் சண்டையும் முடிவதற்குள் அவன் பஸ் ஏறிவிடுவான்.

அந்தத் துளையைச் சுற்றிலும் வேறு துளைகள் போட்டார்கள். ஒன்றிலும் ஒன்றுமில்லை. சாம்சனுக்குத் தூக்கம் கெட்டது. ஒருநாள் கோர் பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிற கொட்டகையில், பழைய துளையின் கல்சில்லை லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தவர் மாரீஸ்வரனைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, இங்க பாருங்க, சுருள் சுருளா இருக்கு. இப்படி நான் பாத்ததே இல்ல."

மாரீஸ்வரன் குனிந்து பார்த்தான். இரும்புப் பட்டறையில் கடைசல் பிடிக்கும்போது விழுகிற சுருள் மாதிரி, மஞ்சளாக, ரொம்பப் பொடிசாக. அது கம்மல்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதே இடத்தில், அதே நிமிஷத்தில், ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டான். இதை யாரும் மறந்துவிடக் கூடாது, அவனாகவேதான் சொன்னான்.

சாம்சன் கொட்டகைக் கதவைச் சாத்தினார். "வேற யாருகிட்டயும் சொன்னீங்களா?"

"இல்ல சார். ராக்கப்பனுக்குத் தெரியும். பக்கத்துல நின்னான்."

"பெரிய கம்பெனி ஒண்ணு இந்தச் சுரங்கத்தை வாங்கப்போகுது அண்ணாச்சி. கையெழுத்தாகுற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. பொறவு நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்."

சாம்சன் சேதி சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்கே ராஜபாளையத்திலிருந்து கௌதம்ராஜும் போனில் வந்தார். "ஏமய்யா மாரீஸ்வரா, நோரு மூசுகோ. வாயை மூடிக்கிட்டு இருந்தா உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

வீட்டுக்கு வந்து, அன்றைக்கு ராக்கப்பன் கம்மலைக் கேட்டதிலிருந்து எல்லாவற்றையும் பாண்டிசெல்வியிடம் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். "சொல்ல வேண்டியவுககிட்ட சொல்லியாச்சுல்லா, பொறவு அவுக பாடு" என்றாள் கடைசியில். அவள் கண் வாசல் குழாயடியில் இருந்தது. இரண்டு பேருக்கும் அந்த வீட்டை விட மனசில்லை. அதில் அவனுக்குக் குற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்று பேர் மூடிய வாயில், வீட்டுக்காக மூடியது அவன் வாய் மட்டும்தான்.

கையெழுத்தானது. வாங்கினவர்கள் புதுசாகத் துளைபோட்டார்கள், ஒரு மண்ணும் இல்லை. விசாரணை வந்தது. சாம்சன் நல்ல தமிழில் அண்ணாச்சி என்று கூப்பிட்ட அதே வாயால் நல்ல இங்கிலீஷில் சொன்னார்: கம்பெனி வேலைக்கும் குவார்ட்டர்ஸுக்கும் ஆசைப்பட்டு டிரில்லர் துளைக்குள் தங்கத்தைப் போட்டுவிட்டான், அதை அவனே என்னிடம் ஒத்துக்கொண்டான். கௌதம்ராஜ், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். ராக்கப்பனைக் கேட்டார்கள். அவன், ஆமாம், போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்றான். போட்டதும் ஒத்துக்கொண்டதும் இட்டுக்கட்டியதில்லை. மாரீஸ்வரன் எப்போது ஒத்துக்கொண்டான் என்ற தேதியை மட்டும் சாம்சன், கையெழுத்துக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டார். ஒரு தேதியை மாற்றினால் போதும், யோக்கியனைத் திருடனாக்கிவிடலாம்.

சுரங்கத்தைப் பூட்டினார்கள். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னார்கள். பாண்டிசெல்வி கனகாம்பரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்தாள். சாம்சன் இப்போது ஆப்பிரிக்காவில் ஏதோ சுரங்கத்தில் இருப்பதாகக் கேள்வி, சம்பளம் அங்கே டாலரில்.

போலீஸ் மம்சாபுரத்துக்கு வந்தது ஒரு காலை நேரம். வடக்கேயிருந்து இரண்டு அதிகாரிகள், கூட நம்மூர் பக்கத்து இன்ஸ்பெக்டர் ஒருவர். தெருவே கூடிவிட்டது. வேலையற்று ஊர் திரும்பியிருந்த ராக்கப்பனும் கூட்டத்தில் நின்றான். மாரீஸ்வரன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான். "ஏமாத்தப் போடலைய்யா. வாசக்காலுக்குப் பொன்னு வைக்கிற மாதிரி காணிக்கையாப் போட்டேன்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "மாட்டிக்கிட்ட பொறவு எல்லாரும் சாமி பேரச் சொல்லுவீங்கப்பா."

வாசலில் நின்ற பாண்டிசெல்விக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சாமி பேரா? அந்தக் கம்மலோட சோடி இந்தா இந்த வாசக்காலுக்கு அடியில கெடக்கு. தோண்டிப் பாருங்க. ஒரே அச்சுல செஞ்சது. ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு பூமிக்கு. ஏமாத்துறவுக சொந்த வாசலுக்கு அடியிலயுமா போட்டு வைப்பாக?"

இன்ஸ்பெக்டர் வடக்கத்தி அதிகாரிகளுக்கு அதை விளக்கிச் சொன்னார். அவர்களுக்கும் அது நியாயமாகப் பட்டது போலிருக்கிறது. இருந்தால் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறோம், வழக்கில் உனக்கு அது உதவும் என்றார்கள். மாரீஸ்வரனுக்கு முகத்தில் களை வந்தது. கடப்பாரையை அவனே எடுத்தான். குடியிருக்கிற வீட்டின் வாசக்காலைத் தோண்டக் கூடாது என்று கூட்டத்தில் ஒரு பொம்பிளை சத்தம் போட்டாள். பாண்டிசெல்வி, "தோண்டுங்க" என்றாள்.

சிமெண்டை உடைத்தான். படிக்கல்லை நெம்பி நகர்த்தினான். அடியில் கருத்துப்போன நவதானியத் தோல் இருந்தது, துருப்பிடித்த ரூபாய்க் காசு இரண்டு இருந்தது. அதற்கடியில் வெறும் மண். கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கையால் தோண்டினான். மண்ணை அள்ளி அள்ளி விரலால் சலித்துப் பார்த்தான். நிலைச்சட்டம் ஒரு பக்கம் இறங்கியது. அவன் நிறுத்தவில்லை.

"போதும்யா" என்றார் இன்ஸ்பெக்டர். "இந்த வாசக்கால நிறுத்துன கொத்தனார் யாரு?"

தெரு முழுக்க ராக்கப்பனைப் பார்த்தது. அவன் இருந்த இடத்திலேயே குத்தவைத்துத் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"அண்ணே, அப்ப வேல இல்லண்ணே. எல்லாக் கொத்தனாரும் செய்றதுதாண்ணே. பூவும் பாலும் போட்டு மூடும்போது பொன்ன கைக்குள்ள மடக்கிக்கிடுவோம். எந்த வாசக்கால்லயும் பொன்னு கெடையாதுண்ணே."

இன்ஸ்பெக்டர் அதையும் நம்பவில்லை. ஒரே ஊர்க்காரன், ஒரே கும்பல், சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறான் என்றார். மாரீஸ்வரனை எழுப்பினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் காட்டிவிட்டு வடக்கே கொண்டுபோக ஜீப் நின்றது. கையில் மண்ணோடே ஏறினான், கழுவ விடவில்லை. பிறகு எத்தனையோ மாதம் கழித்து ஜாமீனில் வந்தான். வாய்தாவுக்கு ரயிலேறிப் போவதும் வருவதுமாகத்தான் இன்றைக்கும் இருக்கிறான். பழையபடி அவள் இங்கே, அவன் பாதி நாள் அங்கே. அந்த வாசல் நிலை மறுபடி நேராக உட்காரவே இல்லை. கதவை இன்னும் கயிறு போட்டுத்தான் கட்டுகிறார்கள்.

ஜீப் கிளம்பும்போது பாண்டிசெல்வி அழவில்லை. ராக்கப்பனையும் திட்டவில்லை. உடைந்து கிடந்த வாசலைத் தாண்டி ஜீப்போடு கொஞ்ச தூரம் வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனிடம் சொன்னாள்:

"அன்னைக்குச் சுரங்கத்துல அவன் கேட்டப்பவே கம்மல அவன் கைல குடுத்துத் தொலைச்சிருக்கலாமேங்க. அந்தத் திருட்டுப்பய நம்மளக் காப்பாத்திருப்பானே."